பச்சையில் மட்டும்

பத்தொன்பது நாளாக மூடிக் கிடந்த லேப்டாப். சாப்பாட்டு மேஜையில் வேதவல்லி வைத்த இடத்திலேயே இருந்தது. தாண்டவராயன் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்துச் சாப்பிட்டாரே தவிர அதை நகர்த்தவில்லை, சார்ஜர் வயரைக்கூட உருவவில்லை. இன்று காலை பத்து மணிக்குத் திறந்தார். திறக்க வேண்டி வந்தது. கறுப்புத் திரை, அதில் ஒரே ஒரு வரி, வரியின் கடைசியில் விட்டு விட்டு மின்னும் ஒரு சின்னக் கட்டம். அடுத்து அவள் என்ன தட்டப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருக்கிறது. ஆள் போய்ச் சேர்ந்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார், பால்காரனுக்குச் சொன்னார், பென்ஷன் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்தார், இதை விட்டுவிட்டார். வரியில் முதலில் ஒரு பெயர், அதை ஒட்டி இன்னொரு பெயர். முதலாவது, வேலை இருக்கிற பெட்டியின் பெயர். இரண்டாவது கிளையின் பெயர். கிளை என்றால், கிட் என்று ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு எழுதுகிற நிரலில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அடுக்கடுக்காகப் பதிந்து வைத்துக்கொள்வது, அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிளை பிரித்து அதற்கொரு பெயர் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒழுங்காகப் பெயர் வைப்பார்கள். இவள் அன்றைக்கு அடுப்பில் என்ன காயோ அதை வைப்பாள். பீர்க்கு, சேனை, ஒரு மாதம் இழுத்தடித்த வேலைக்குப் பாகல். இப்போது திரையில் நிற்பது கொத்தவரை. அன்றைக்குக் கொத்தவரங்காய்தான். நார் நாராக இருக்கிறது, மாடு கூடத் தின்னாது என்று சொல்லித் தட்டில் ஒதுக்கி வைத்தார். அவள் ஒதுக்கினதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, மாடு தின்னும், நீங்கதான் திங்க மாட்டீங்க என்றாள். அது பன்னிரண்டரை மணி. மூன்று மணிக்கு மாடும் இல்லை கொத்தவரையும் இல்லை.

அந்த இரண்டாவது பெயர் கலரில் இருக்கிறது. என்ன கலர் என்று தாண்டவராயனுக்குத் தெரியாது. பிறவியிலேயே அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று, இரண்டுமே ஒரு காய்ந்த புளி நிறம். இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் வேதவல்லி. கல்யாணமாகி நாலாம் மாதம் கண்டுபிடித்தாள், பழுத்த மிளகாய் வாங்கி வரச் சொன்னதற்கு அவர் பச்சையை வாங்கி வந்து, கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று குதித்தபோது. யாரிடமும் சொல்லாதே என்றார். அவள் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் நாற்பது வருஷம் வாயை மூடவும் இல்லை. ஸ்கூட்டரின் பின்னாலிருந்து தோளில் தட்டி, பச்சை விழுந்துடுச்சு, போங்க. எனக்குத் தெரியும்டி, கீழ் விளக்கு எரிஞ்சா போகணும். தெரிஞ்சா சரி, போங்க. மறுபடியும் அடுத்த சிக்னலில் தோளில் தட்டு. போன வாரம் தலைமைத் தபால் நிலையத்துச் சிக்னலில் கீழ் விளக்கு எரிந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார், பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்து, பெருசு, தூக்கமா என்று கத்தினான். தூக்கமில்லை. தோளில் தட்டு விழவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கலர் வேலையை அவள் செய்த நாள் நினைவிருக்கிறது. அவள் பாலிடெக்னிக் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிது. தெற்கே பார்வையற்ற பிள்ளைகள் பள்ளி ஒன்றின் அச்சகத்துக்கு, தமிழ்ப் பாடத்தை விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்தாக மாற்றித் தருகிற நிரலை எழுத ஆரம்பித்திருந்தாள். சம்பளமில்லாத வேலை. வரிக்குக் கலர் கொடுத்து முடித்துவிட்டு, இங்க பாருங்க, எல்லாம் பதிஞ்சு வச்சாச்சுன்னா கிளை பேரு பச்சை, பதியாம ஏதாவது மீதி கிடந்தா சிவப்பு, ஒரு பார்வையில தெரிஞ்சுடும் என்றாள். இவர் சர்க்கரை ஆலைக் கம்ப்யூட்டர் அறையில் முப்பத்திரண்டு வருஷம் கறுப்புத் திரையில் கட்டளைக்குக் காத்து நிற்கும் வெள்ளை டாலர் குறியைப் பார்த்தே காலம் தள்ளியவர். வளையல் கடை மாதிரி இருக்கு என்றார். அவள் உடனே முகம் மாறி, ஐயோ, உங்களுக்குத் தெரியாதில்ல, சிவப்பு வரும்போது பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுத் தரேன், அது ரெண்டு நிமிஷ வேலை என்றாள். வேண்டாம். ஏன்? எனக்கென்ன, உன் மெஷின், நீ பாத்துக்க. இரக்கப்பட்டது பிடிக்கவில்லை. அதுதான் விஷயம். இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்திருந்தால் இப்போது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருந்திருக்கும், அல்லது இல்லாமலிருந்திருக்கும், இரண்டில் ஒன்று தெரிந்திருக்கும்.

ஒன்பது மணிக்கு ஜெபராணி போன் செய்தாள். அந்தப் பள்ளி அச்சகத்தில் வேலை செய்கிறவள், முப்பத்தைந்து வயசிருக்கும், அவளுக்கும் பார்வை கிடையாது. பேசுகிற கம்ப்யூட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் வேலையை ஒண்டியாகப் பார்க்கிறாள். துக்கம் விசாரிக்க ஒரு தடவை பேசினாள், அதற்கப்புறம் இன்றைக்குத்தான். "சார், கேக்கவே கூச்சமா இருக்கு. அரையாண்டுக் கேள்வித்தாளு சாயங்கால பஸ்ல ஏத்தணும், பதினோரு பள்ளிக்கூடத்துக்கு. புதுசா தைச்சு பைண்டு பண்ணச் சொல்லிட்டாவ. தைச்சா இடது ஓரத்துல முதல் எழுத்தெல்லாம் தையலுக்குள்ள போயிடுது, பிள்ளைங்க விரலு அங்க போவாது. கேள்வி நம்பரே தெரியாது சார். அக்கா அதைச் சரி பண்ணி முடிச்சிட்டேன்னு சொன்னாவ. அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குச் சொன்னாவ. ஒருக்க ஓட்டிப் பாத்துட்டு அனுப்புதேன்னாவ." ரெண்டு மணி. தாண்டவராயனுக்கு அந்த ரெண்டு மணியைத் தெரியும். ஈஸி சேரில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். மேஜையிலிருந்து அவள், இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன் என்றாள். அப்புறம் என்றார். ஒரு நிமிஷம்தாங்க, சிரிப்பீங்க என்றாள். அப்புறம் பாக்கறேன் போ. அவள் பிறகு கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு மாதிரி இருக்கு, படுத்துக்கறேன் என்று உள்ளே போனாள். பேப்பரில் என்ன படித்துக்கொண்டிருந்தார்? யோசித்துப் பார்த்துவிட்டார், பத்தொன்பது நாளாக யோசிக்கிறார், ஒரு வரி நினைவில் இல்லை. உரத்தட்டுப்பாடா. ஏதோ ஒரு எழவு. "பாக்கறேன்" என்று ஜெபராணியிடம் சொல்லிப் போனை வைத்தார்.

முடிச்சிட்டேன் என்று சொன்னாள் என்றால் முடித்தாள். வேதவல்லி முடிக்காததை முடித்தேன் என்று சொல்கிறவள் இல்லை, அரிசி உலையில் கிடக்கும்போது சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறவளும் இல்லை. அப்படியானால் பதிந்திருப்பாள், அப்படியானால் அந்தக் கொத்தவரை பச்சை. தாண்டவராயன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். புளி நிறம். அனுப்புகிற கட்டளை தெரியும், அவள் தினமும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவாள், கிட் புஷ். தட்டினார். இங்கே பதிந்ததெல்லாம் ஏற்கெனவே அங்கே, அச்சகம் எடுத்துக்கொள்கிற பொது இடத்தில், இருக்கிறது என்று பதில் வந்தது. சரி, அனுப்பியும் விட்டிருக்கிறாள், கெட்டிக்காரி. ஜெபராணியைக் கூப்பிட்டார். "உங்கிட்ட வந்தாச்சாம், பாரு." அவள் தன் பக்கம் எடுத்து ஒரு தாள் அடித்துப் பார்த்தாள். இங்கே காதில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, தேங்காய் அரைக்கிற சத்தம், நின்றது, மறுபடி ஓடியது. "சார், பழசுதான் வருது. ஓரத்துல இடமே விடல." நீ சரியா எடுத்தியா? "எடுத்தேன் சார்." மறுபடி எடு. "மறுபடியும் அதேதான் சார். எனக்குக் கண்ணுதான் தெரியாது, கை நல்லாத் தெரியும்." அந்தக் குரலில் கோபமில்லை, அதனால் இவருக்குக் கோபம் வந்தது. இரு, கூப்பிடறேன் என்று வைத்தார்.

இங்கே ஒன்று இருக்கிறது, அங்கே ஒன்று இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆலையில் இருந்தபோது இதே தகராறு வாரம் ஒரு முறை வரும். இரண்டு டேப் ஒத்துப்போகவில்லையா, மண்டையை உடைக்காதே, மூலத்திலிருந்து மறுபடி முழுசாக ஏற்று, அப்புறம் பார். முப்பத்திரண்டு வருஷம் அந்த ஒரு விதியில் ஓடியது, ஒரு நாள் கூட அது கைவிட்டதில்லை. அவள் அனுப்பிவிட்டாள் என்றால் மூலம் இப்போது அங்கே, அந்தப் பொது இடத்தில். அவளுடைய ரூல் போட்ட நோட்டைப் புரட்டினார். கட்டளைகளை எழுதி வைத்திருப்பாள், வகுப்பெடுத்த கை, தலைப்பெல்லாம் அடிக்கோடு. இருந்தது. அங்கே இருப்பது போலவே இங்கேயும் ஆக்க, என்று தலைப்பு. அதன் கீழே கட்டளை. அதன் கீழே, கொஞ்சம் பெரிய எழுத்தில், இரண்டு கோடு இழுத்து: பச்சையில் மட்டும். தாண்டவராயன் நிறுத்தினார். நிறுத்தாமல் இல்லை. திரையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓட்டுகிற அந்த அம்மாளிடம் காட்டி, இது என்ன கலர் என்று கேட்டால் போதும். ஒரு நொடி. என்ன சார் இது கூடவா தெரியாது என்பாள். அறுபத்தாறு வயசு வரைக்கும் கேட்காத கேள்வி. பெண்டாட்டி செத்து இருபது நாள் ஆகவில்லை, கிழவனுக்கு மூளை பிசகிவிட்டது என்று மாடி முழுக்கப் பேசுவார்கள். ஜெபராணியிடம் கேட்கலாம், அவளிடம் கலரைக் கேட்டு என்ன. அதுவுமில்லாமல் எதற்குக் கேட்க வேண்டும், முடிச்சிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சை நம்பாமல் அடுத்த வீட்டுக்காரியை நம்பவா? உயிரோடு இருந்தவரை ஒரு தடவையாவது அவள் சொன்னதை ஒரே சொல்லில் கேட்டதுண்டா, இப்போதாவது கேட்போம் என்று வந்தது. தட்டினார். எழுத்து எழுத்தாக, நோட்டைப் பார்த்து, ரீசெட், ஹார்டு, மிச்சமும். எண்டர் பொத்தானின் ஓரத்தில் அவள் விரலிலிருந்து ஒட்டின மஞ்சள்தூள் இருந்தது. அதன் மேலேயே அழுத்தினார்.

வரி மறுபடி வந்தது. பெட்டியின் பெயர், கொத்தவரை, மின்னும் கட்டம். எல்லாம் முன் போலத்தான். இல்லை. கொத்தவரை கொஞ்சம் வெளுத்திருந்தது. மேலே பழைய வரியில் இருந்த கொத்தவரை அடர்ந்த புளி, கீழே புது வரியில் இருப்பது நேற்றுக் கரைத்த புளி. தனியாக ஒன்றை மட்டும் பார்த்தால் அவருக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் மேலும் கீழுமாக வைத்தால் தெரியும், அப்படித்தான் சட்டை வாங்குவார், இரண்டைப் பக்கத்தில் வைத்து. மேலே ஒன்று, கீழே ஒன்று. கலர் மாறியிருக்கிறது. மாறியிருக்கிறது என்றால் முன்னால் பச்சை இல்லை. முன்னால் பச்சை இல்லை என்றால். தாண்டவராயனின் கை மேஜையிலேயே இருந்தது, அதை எடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை. முடிச்சிட்டேன் என்று சொன்னாள், முடித்துத்தான் இருந்தாள், ஒருக்க ஓட்டிப் பாத்துட்டு என்றும் சொன்னாளே, ஜெபராணி அதையும் சேர்த்துத்தானே சொன்னாள், காதில் விழுந்ததே. எழுதி முடித்திருந்தாள், பதியவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால், இங்க கொஞ்சம் வந்து பாருங்களேன் என்றாள். அந்த நேரம் அந்தத் திரையில் இருந்தது எதுவோ அது பத்தொன்பது நாள் இங்கே இருந்தது. தட்டு வைத்துச் சாப்பிட்ட மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில், எந்த வேளையும் மூடியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். அப்புறம், அப்புறம். இப்போது மூடியைத் தூக்கித் தன் கையாலேயே துடைத்தாயிற்று. தேடினார். குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தார், இந்த மாதிரி அழிப்பு அங்கே போகாது என்று தெரிந்தும் பார்த்தார். மேல் அம்பை அழுத்தினால் அவள் தட்டிய பழைய கட்டளைகள் ஒவ்வொன்றாக வந்தன, கட்டளைகள் மட்டும், எழுதினது இல்லை. உள்ளறைக் கட்டிலில் அன்றைக்கு அவள் கை சில்லென்றிருந்தது, அப்போது கூட ஆஸ்பத்திரி, ஆட்டோ, டாக்டர் என்று நாலு பேரைத் திட்ட முடிந்தது. இதற்கு யாரைத் திட்டுவது. அவள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பக்கத்தில், நிரலுக்குள்ளேயே, தமிழில் ஒரு வரி எழுதுவாள், மெஷினுக்கு இல்லை, படிக்கிற மனுஷருக்கு. சிரிப்பீங்க என்றாளே, அதுவாகத்தான் இருக்கும். என்ன எழுதியிருப்பாள்? கொத்தவரங்காயைப் பற்றியா, அதை ஒதுக்கின இவரைப் பற்றியா? இந்தக் கேள்வியோடுதான் இனிமேல், பல் தேய்க்கும்போது, ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடும்போது, கேள்வி வந்து நிற்கும், பதில் சொல்ல ஆளில்லை.

போன் அடித்தது. ஜெபராணி. எடுக்காமல் விடலாம். பதினோரு பள்ளிக்கூடம். எடுத்தார். "சார், பன்னெண்டு மணிக்குள்ள வந்தாக்கூட அடிச்சிடலாம்." "அந்த ஓரத்துக்கு எவ்வளவு விடணும்?" என்று கேட்டார். "மூணு கட்டம் சார், மூணு எழுத்து விழுற இடம். அக்காவுக்கு நாந்தான அளந்து சொன்னேன். ஜெபா, ஸ்கேலெல்லாம் வேண்டாம், உன் விரலை வச்சுப் பாத்துச் சொல்லுன்னாவ. வச்சுப் பாத்தேன், மூணு. வரிக்கு முப்பது கட்டம் இருக்கில்லா, அது இருபத்தேழா ஆவும். ஏன் சார், அக்கா எழுதினது அதுல இல்லையா?" பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றிருந்தது. "இரு" என்றார் தாண்டவராயன். போனை மேஜையில் வைத்தார், அணைக்கவில்லை. முப்பது என்ற எண்ணைத் தேடிப் பிடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அவள் எழுதின நிரலை முதல் தடவையாக அன்றைக்குத்தான் படித்தார். சுத்தமான வேலை. ஆலையில் இப்படி எழுத நாலு பேர் இருந்ததில்லை. இத்தனை வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை அவளிடம் சொல்லியிருக்கிறாரா என்று ஓடியது, ஓடினதைப் பிடித்து நிறுத்தவில்லை. முப்பதை இருபத்தேழாக்கினார், இடது ஓரம் என்று ஒன்று சேர்த்து மூன்று என்று போட்டார். நிரலை மூடிக் கட்டளை வரிக்குத் திரும்பினார். கொத்தவரை அடர்ந்த புளியாக மாறியிருந்தது. ஓஹோ, இதுதான் சிவப்பு.

ஓட்டிப் பார்த்தார். ஓடியது. இனிப் பதிய வேண்டும். பதிந்தால் அந்த அடுக்கில் இது அவள் பெயரில் போய் உட்காரும், மெஷினுக்கு அவளைத்தான் தெரியும், இன்றைய தேதியில் வேதவல்லி இதைச் செய்தாள் என்று எழுதிக்கொள்ளும். அப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை, கிட்டத்தட்ட அவள் செய்ததுதானே. விரல் அதற்குத்தான் போனது. ஆனால் அவள் செய்தது வேறே, அதில் ஒரு வரி கூட இருந்தது, அதை இல்லாமல் ஆக்கியது யார் என்று ஒரு இடத்திலாவது இருக்க வேண்டாமா. பெயரை மாற்றுவது எப்படி என்று கையேட்டுப் பக்கத்தைத் திறந்து படித்து, தாண்டவராயன் என்று தன் பெயரைக் கொடுத்தார். நானூற்றுச் சொச்சம் பதிவு, எல்லாம் வேதவல்லி, வேதவல்லி, வேதவல்லி, எல்லாவற்றுக்கும் மேலே இது. பதிவோடு போகிற குறிப்புக்கான இடத்தில் தமிழில் எழுதினார். ‘தையலுக்கு இடது ஓரம் மூன்று கட்டம். வேதவல்லி செய்து வைத்திருந்தது. பதியுமுன் நான் அழித்துவிட்டேன். இது மறுபடி எழுதியது.’ இரண்டு தரம் படித்தார். மாற்றவில்லை. பதிந்தார், அனுப்பினார், போனை எடுத்தார். ஜெபராணி இன்னும் லைனில் இருந்தாள்.

"எடுத்துப் பாரு."

அச்சகத்து மெஷின் புள்ளி குத்துகிற சத்தம், தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி. தாள் கிழிக்கிற சத்தம்.

"சரியா இருக்கு சார். மூணு கட்டம் விட்டிருக்கு, நம்பரெல்லாம் தையலுக்கு வெளிய நிக்குது." ஜெபராணி சிரித்தாள். "அக்கா புரோகிராமுக்குள்ள பக்கத்துல ஒரு வரி எழுதுவாவள்லா, எங்கம்ப்யூட்டரு அதையும் வாசிக்கும், நாங்க எல்லாரும் நின்னு கேப்போம். போன தடவை, இந்த மெஷினு எங்க வீட்டுக்காரரு மாதிரி, கத்தும், ஆனா வேலை செய்யும்னு எழுதியிருந்தாவ. இந்தத் தடவை ஒண்ணையும் காணலையே சார். எழுதலையா?"

தாண்டவராயன் திரையைப் பார்த்தார்.

"எழுதியிருந்தா."

"என்ன சார் எழுதியிருந்தாவ?"

"தெரியாதும்மா. பாக்கறதுக்கு முன்னாடி நானே அழிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் மெஷின் மட்டும் குத்திக்கொண்டிருந்தது. ஒரு தாள் முடிந்து, இழுத்து, அடுத்தது தொடங்கியது.

"கலர் தெரியல எனக்கு" என்றார். "சிவப்பா பச்சையான்னு. பிறந்ததிலேருந்து தெரியாது. கேட்டிருக்கலாம், யாரையும் கேக்கல."

ஜெபராணியின் விரல் தாளில் ஓடுவது கூடப் போனில் கேட்டது, அல்லது கேட்பதாக அவருக்குப் பட்டது.

"நூத்தி நாப்பது தாளு இருக்கு சார், ஒவ்வொண்ணா தொட்டுப் பாக்கணும்" என்றாள். "போனை வச்சிருதியளா, லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்" என்றார் தாண்டவராயன்.